காம்பேயின் பூனைகள் என்ன தின்றன?

1583இல் இலண்டனிலிருந்து புறப்பட்டு 1591இல் ஊர் திரும்பிய ஆங்கிலேய வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், தம் பயணக் குறிப்பில் குஜராத்தின் காம்பே நகரைப் பற்றிச் சில வரிகளே எழுதினார். அங்குள்ளோர் எந்த உயிரையும் கொல்வதில்லை, பிறரைக் கொல்ல விடுவதுமில்லை. நொண்டி நாய்களையும் பூனைகளையும் பறவைகளையும் வைத்துக் காக்க மருத்துவமனைகள் நடத்துகிறார்கள். எறும்புகளுக்கும் இரையிடுகிறார்கள் என்பது அவற்றின் சாரம். இந்திய விலங்குநல வரலாற்றைப் பேசும் நூல்களில் இக்குறிப்பு மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. அதிலுள்ள 'பூனைகள்' என்னும் ஒரு சொல்லைப் பற்றியதே இப்பதிவு.

மாட்டுக்கு வைக்கோல் உண்டு. புறாவுக்குத் தானியம் உண்டு. நாய் சோற்றையும் ரொட்டியையும் தின்று காலம் தள்ளிவிடும். பூனைக்கு என்ன போட்டார்கள்? ஃபிட்ச் அதைச் சொல்லவில்லை. கொல்லாமையை அடித்தளமாகக் கொண்ட ஓர் இல்லத்தில், கொன்று தின்றாலன்றி உடல் நிலைக்காத ஒரு விலங்கு எவ்வாறு பேணப்பட்டது என்பது வேடிக்கையான வினாவன்று. தீராத நோயுற்று, பார்வையும் இழந்த ஒரு பூனையை இன்று வீட்டில் வைத்திருக்கும் ஒருவர் எதிர்கொள்ளும் கேள்விகளுக்குள் இதுவும் அடங்கியிருக்கிறது. என்ன ஊட்டுவது, எதுவரை மருத்துவம் பார்ப்பது, எந்த நாளில் விடைகொடுப்பது என்பவை அவர் கேள்விகள். இந்தியச் சிந்தனை மரபு கடைசிக் கேள்வியைப் பற்றி ஏராளமாக விவாதித்திருக்கிறது. முதற்கேள்வியைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிட்டது. பூனையின் கண்ணோ அந்த முதற்கேள்வியில்தான் இருக்கிறது.

அசோகரிடமிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டதால் அதை முதலில் முடித்துவிடலாம். உலகின் முதல் விலங்கு மருத்துவமனையை நிறுவியவர் அவர் என்று போட்டித் தேர்வுக் கையேடுகள் வரை எழுதிவைத்திருக்கின்றன. இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை. மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை 'சிகிச்சை' ஏற்பாடு செய்யப்பட்டது என்றும், மருத்துவ மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை தருவிக்கப்பட்டு நடப்பட்டன என்றும், வழிகளில் கிணறுகள் தோண்டப்பட்டன என்றும்தான் கூறுகிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணியும் அவ்வேற்பாட்டின் எல்லைக்குள் குறிக்கப்படுவதைத் தமிழ் மாணவர்கள் அறிவர். மருந்து பேசப்படுகிறது, கட்டடம் பேசப்படவில்லை. என் ஆர்வம் ஐந்தாம் தூண் கல்வெட்டில். முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, கொல்லத்தகாத உயிர்களை நெடும்பட்டியலாக அடுக்கிவிட்டு, பயன்பாட்டுக்கு வாராதனவும் உண்ணப்படாதனவுமான நாற்கால் விலங்குகள் அனைத்தையும் அதில் சேர்க்கிறது. எருதோ குதிரையோ போல உழைக்காத, ஆடு போல உணவாகாத உயிருக்கு அரச ஆணையில் கிடைத்த இடம் அது. பூனை அந்த இடத்தில் நுழைகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, கொல்லாதே என்பதோடு நிற்கிறது.

மருத்துவ நூல் மரபுக்கு வந்தால் வெறுமை இன்னும் தெளிவாகத் தெரியும். பாலகாப்பியர் பெயரால் வழங்கும் ஹஸ்தியாயுர்வேதம் யானைக்கு. சாலிஹோத்திரர் மரபு குதிரைக்கு. படைக்கும் ஏருக்கும் வண்டிக்கும் உரிய உடல்களே நூலுடல் பெற்றன. இதில் வியப்பில்லை, ஐரோப்பாவிலும் கால்நடை மருத்துவம் குதிரை லாயத்தில்தான் பிறந்தது.

மருத்துவ நூலில் இல்லாத பூனை, நீதி நூலில் தாராளமாக இருக்கிறது. மனுஸ்மிருதி போலித் துறவிக்குப் 'பூனை நோன்பு' கொண்டவன் என்று பெயரிடுகிறது. மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சூழ்ந்த எலிகளையும் பாராதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஹிதோபதேசத்தில் ஒரு கதை உண்டு. கண்ணும் நகமும் இழந்த முதிய கழுகு ஜரத்கவனுக்கு, அதே மரத்தில் வாழும் பறவைகள் தத்தம் இரையிலிருந்து சிறிது சிறிது பங்கிட்டு ஊட்டுகின்றன. பார்வையற்ற உயிரை ஒரு சமூகம் கூடிப் பேணும் இத்தகைய காட்சி நம் கதை மரபில் அரிது. அக்கதையை நஞ்சாக்க வருவது யார்? நோன்பு பூண்டதாகச் சொல்லிக்கொண்டு வரும் தீர்க்ககர்ணன் என்னும் பூனை. குருட்டுக் கழுகு இரங்கத்தக்கது. பூனை எப்போதும் வஞ்சகன். மரபு ஊட்டிய இந்தச் சாயல், யாருடைய நோய் கவனத்துக்கு உரியது என்பதையும் ஓரளவு தீர்மானித்திருக்கும் என்பது என் கருத்து.

இனி பாஞ்சராபோள். கூண்டு என்னும் பொருளுடைய 'பாஞ்சரா'வும் வாயிலோடு கூடிய மதில் சூழ் பகுதியைக் குறிக்கும் 'போள்' என்பதும் சேர்ந்த குஜராத்திச் சொல். சமண, வைணவ வணிகர்களின் மகாஜன் அமைப்புகள் சரக்கின் மீது ஒரு சிறு வரியைத் தமக்குத் தாமே விதித்து, அந்தப் பணத்தில் இவற்றை நடத்தின. வயோதிக மாடு, முடமான குதிரை, சிறகொடிந்த புறா ஆகியவற்றை எவரும் கொண்டுவந்து விடலாம். அவை சாகும்வரை அங்கேயே இருக்கும். கொல்வதும் இல்லை, விற்பதும் இல்லை. டெரிக் லாட்ரிக் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவற்றைப் பற்றி இன்றும் படிக்க வேண்டியது. 'மருத்துவமனை' என்று ஐரோப்பியர் எழுதியதை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. இவற்றில் மருத்துவத்தைவிட அடைக்கலமே முதன்மையானது.

அடைக்கலம் என்று கூறுவதால் அதன் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ள வேண்டா. 1623இல் காம்பேக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே கண்ட காட்சி ஒன்று போதும். தாயிழந்த எலிக்குஞ்சுகளைப் பஞ்சு பரப்பிய பெட்டியில் வைத்து, வெண்தாடி முதியவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பறவை இறகால் பால் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். இதைவிடத் துல்லியமான பணிவிடையை இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவிலும் காண்பது கடினம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பணிவிடை வெற்றி பெறுவதற்குக் காரணம், எலிக்குஞ்சின் உடலுக்குப் பால் ஏற்றது என்பது. கருணையும் உடலறிவும் அங்கே தற்செயலாக ஒன்றாயின.

அடுத்த நூற்றாண்டில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், 1772ஆம் ஆண்டு நிலவரமாகச் சூரத் இல்லத்தின் விலங்குகளை அடுக்குகிறார்: குதிரை, கோவேறு கழுதை, எருது, ஆடு, குரங்கு, கோழி, புறா, 75 ஆண்டுகளாக அங்கிருந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆமை. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மூட்டைப்பூச்சிகளுக்கும் தனிப் பகுதி இருந்ததையும், அப்பூச்சிகள் பசியாற இரவில் படுத்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் பிடித்ததையும் வியந்து எழுதுகிறார். ஐரோப்பிய வாசகர் சிரிப்பதற்காக எழுதப்பட்ட பகுதி அது என்பதை மறக்கக் கூடாது. எனினும் அந்தப் பட்டியலில் எலி இருக்கிறது, பூனை இல்லை. ஒரு பட்டியலின் மௌனத்தைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது முறையியலின் பாலபாடம். ஆனால் எலிகளுக்கு அறை ஒதுக்கிய இல்லத்தில் பூனையைச் சேர்ப்பது எவ்வளவு சிக்கலான செயல் என்பதை எண்ணிப்பார்க்க முறையியல் தடை விதிக்கவில்லை.

அச்சிக்கலை இன்று கண்ணெதிரே காண விரும்புவோர் பழைய தில்லிக்குப் போகலாம். செங்கோட்டைக்கு எதிரேயுள்ள சமணர் பறவை மருத்துவமனை புறாவையும் கிளியையும் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளும். புலாலுண்ணும் பறவைகளை வெளிநோயாளியாக மட்டுமே பார்த்து அனுப்பும். காயம்பட்ட கரும்பருந்துகளை ஏற்க இடமில்லாமல் போனதால்தான் முகமது சௌத், நதீம் ஷெஹ்சாத் என்னும் சகோதரர்கள் தம் வீட்டிலேயே பருந்து மருத்துவத்தைத் தொடங்கினர்; ஷௌனக் சென் இயக்கி 2022இல் வெளியான ஆவணப்படத்தின் மூலம் அது உலகறிந்த செய்தியாயிற்று. மருத்துவமனையின் நிலைப்பாட்டைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய மாட்டேன். ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைத் தினமும் அறுக்க மறுப்பவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவு என்பது அந்த நேர்மை கண்டுபிடித்த சமரசம். பறந்து போய்த் தன் இரையைத் தேடிக்கொள்ளும் பறவைக்கு அச்சமரசம் போதும். பார்வையிழந்த பூனை வெளிநோயாளியாகப் போய் எங்கே வேட்டையாடும்?

ஆங்கிலேயர் காலம் இந்த வரலாற்றில் வேறொரு பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1832இல் தெருநாய்களைக் கொல்லும் ஆணையை எதிர்த்துப் பம்பாயில் பார்சிகள் கலகம் செய்தனர். இரண்டாண்டு கழித்து ஜாம்சேட்ஜி ஜீஜீபாயும் மோதிசந்த் அமிசந்தும் அங்கே பாஞ்சராபோளை நிறுவினர். 1861இல் கோல்ஸ்வொர்தி கிராண்ட் கல்கத்தாவில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1886இல் பம்பாயிலும் 1903இல் சென்னையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. சங்கங்கள் வண்டிமாட்டையும் குதிரையையும் பார்த்தன. கல்லூரிகள் படைக்குதிரையையும் கால்நடைக் கொள்ளைநோயையும் பார்த்தன. மீட்க முடியாத வேதனையிலுள்ள விலங்கைக் கொன்றுவிடுவது கருணை என்னும் கருத்து சட்டத்தின் மொழியாக நாட்டுக்குள் வந்தது. பூனைக்கு இவற்றில் எதனாலும் பெரிய மாற்றமில்லை.

மாற்றம் 1975இல், ஓர் அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஹேஸ், கேரி, ஷ்மிட் ஆகிய மூவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். பாலின் புரதமான கேசீனையே ஒரே புரதமாகக் கொண்ட உணவில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்துபோனதற்குக் காரணம் தேடிய அவர்கள், டாரின் என்னும் சேர்மத்தின் குறைபாடே அது எனக் காட்டினர். மனிதனும் நாயும் இச்சேர்மத்தைத் தம் உடலிலேயே போதிய அளவு ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் மிகக் குறைவாகவே ஆக்கும். அதோடு பித்த உப்புகளை உருவாக்கப் பூனைக்கு டாரின் ஒன்றே வழி. வேறு பல விலங்குகளைப் போல அது கிளைசினைப் பதிலியாகக் கொள்ளாது. ஆகவே நாள்தோறும் இழப்பு, நாள்தோறும் தேவை. இறைச்சியிலும் மீனிலும், எலியின் உடலிலும், டாரின் நிறைய உண்டு. தாவர உணவில் இல்லை என்றே சொல்லலாம்; பசும்பாலில் மிகச் சொற்பம். நாய்க்கான உணவையே தின்று வளர்ந்த பூனைகளும் இவ்வாறு பார்வையிழந்தமை 1978இல் பதிவாயிற்று. 1987இல் பியோனும் அவருடைய கலிபோர்னியச் சகாக்களும் இதே குறைபாடு பூனையின் இதயத்தசையையும் தளரச் செய்வதைக் கண்டனர். இதயத்தை டாரின் ஊட்டிப் பெரும்பாலும் மீட்கலாம். சிதைந்த விழித்திரை மீளாது. மேலும் சிதையாமல் நிறுத்தலாம், அவ்வளவே.

இந்தச் செய்தியை இந்திய வரலாற்றினுள் வைத்துப் படித்தால் அதன் கனம் மாறுகிறது. பாலும் சோறும், பாலும் கிச்சடியும் பூனைக்கு நாம் அன்போடு வைத்த உணவுகள். புலால் மறுத்த வீடுகளில் அவை மட்டுமே வைக்கப்பட்டன. ஊர்ப்பூனை இரவில் சுற்றி எலியும் பல்லியும் பிடித்துத் தின்று தன் கண்ணைத் தானே காத்துக்கொண்டது. உரிமையாளரின் அறத்துக்கு அப்பால் பூனை நடத்திய இந்த இரகசிய வாழ்க்கையே அந்த அறத்தை இத்தனை நூற்றாண்டுகள் சிக்கலின்றி வைத்திருந்தது. பூனையை நோய்க்காகக் கூண்டிலோ அறையிலோ அடைத்த கணத்தில் அந்த ஒப்பந்தம் முறிகிறது. காக்கும் கை முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. அதன் உணவுத் தட்டில் பால் மட்டும் இருக்கிறது.

களப்பணிக்காகக் குஜராத்தில் தங்கியிருந்த காலத்தில் ஒரு சிறு காப்பகத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்றைப் பார்த்தேன். கருவிழி அகன்று இரு கறுப்புப் பளிங்குகளாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்ட முதியவரை எல்லாரும் காகா என்றே அழைத்தனர். கிண்ணத்தை வைப்பதற்கு முன் தரையில் மூன்று முறை தட்டுவார்; ஒலி வந்த திசைக்குப் பூனை நேராக நடந்து வரும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைப்பார். தண்ணீர்ச் சட்டியையும் மணல் தட்டையும் ஓர் அங்குலமும் நகர்த்த விடமாட்டார். நாள்தோறும் ஈரத்துணியால் முகம் துடைத்தார். "பஹேன், வரும்போது இவளுக்குப் பார்வை இருந்தது, பிறகுதான் மெல்ல மெல்லப் போயிற்று" என்றார். கிண்ணத்தில் பாலும் கிச்சடியும் இருந்தன. பூனைக்குக் கண் போவதற்குச் சிறுநீரக நோயும் அதனால் ஏறும் இரத்த அழுத்தமும் கூடக் காரணமாகலாம். அப்போது விழித்திரை பிரிந்து ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடும். மெல்ல மெல்லப் போனதென்றால் ஐயம் வேறு திசையில் செல்கிறது. அவருடைய பணிவிடையில் குறைகாண எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அவருக்குக் கிடைக்காமற் போன அந்தத் தகவலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி, மரபு மிகுதியாகப் பேசிய கேள்வி. 1926இல் அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்துத் தெருநாய்கள் 60ஐக் கொல்லச் செய்தபோது, வேறென்ன செய்ய இயலும் என்று காந்தி கேட்டது பெரும் புயலைக் கிளப்பியது. 1928இல் அவருடைய ஆசிரமத்திலேயே ஒரு கன்று முடமாகி, புரளவும் முடியாத வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்தார். காந்தி ஆசிரமவாசிகளோடு கலந்து பேசினார். நச்சு ஊசியால் கன்றின் உயிர் நீக்கப்பட்டது. செப்டம்பர் இறுதியில் 'நவஜீவ'னிலும் அக்டோபர் 4 அன்று 'யங் இந்தியா'விலும் அதை அவரே வெளிப்படையாக எழுதினார். அறுவை மருத்துவரின் கத்தி இம்சையாகாதது போல, வேறு வழியே இல்லாதபோது வேதனையை முடிப்பதும் இம்சையாகாது என்பது வாதம். கண்டனக் கடிதங்கள் குவிந்தன.

அவ்விவாதத்தில் காந்தி வகுத்த நிபந்தனைகள் பெரும்பாலும் மேற்கோளாவதில்லை. நோய் தீராததாக இருக்க வேண்டும். தொடர்புடைய அனைவரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எவ்வகை உதவிக்கும் பணிவிடைக்கும் இடமில்லாத நிலையாக இருக்க வேண்டும். நோயுற்ற உயிர் தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாததாக இருக்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதே என்னைப் பற்றிக்கொண்டது. பணிவிடைக்கு இடமில்லை என்பது உடலின் அளவையும் அறிவின் அளவையும் பொறுத்த ஒன்று. கன்றைப் புரட்டிப் படுக்கவைக்க நான்கு பேரால் முடியவில்லை என்றால் அங்கே பணிவிடை முடிந்துபோகலாம். நான்கு கிலோ பூனையை மடியில் வைத்து ஒருவரே தோலடியில் நீர்மருந்து செலுத்தலாம், அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கலாம், உணவைக் கரைத்து ஊட்டலாம். பார்வையின்மை அந்நிபந்தனைக்குள் வரவே வராது. மீசையாலும் காதாலும் மோப்பத்தாலும் தன் அறையின் வரைபடத்தை எழுதிக்கொள்ளும் உயிர் அது. கண் போயிற்று, இனி என்ன வாழ்வு என்று ஊசி கேட்டு வருவோர் தம் அச்சத்தைப் பூனைக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. நோயுற்ற பூனை உணவை மறுத்தால், அது போக ஆயத்தமாகிவிட்டது, தொந்தரவு செய்யக் கூடாது என்பார் சிலர். வடக்கிருத்தலையும் சல்லேகனையையும் அறிந்த நாட்டில் இந்த வாசிப்பு இயல்பாகவே வருகிறது. ஆனால் சல்லேகனை முழு விழிப்போடு எடுக்கும் உறுதிமொழி. பூனையின் பட்டினி பெரும்பாலும் குமட்டல், வலி, அல்லது வாசனை அறிய முடியாத மூக்கடைப்பு. சில நாள் உண்ணாவிட்டாலே அதன் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகும். விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத உயிர் என்னும் நான்காம் நிபந்தனையை இங்கே இருபுறமும் கூர்மையுள்ளதாகப் படிக்க வேண்டும். அதன் சார்பில் சாவை விரும்பியதாகச் சொல்வதும் நமக்கு உரியதன்று. வேதனை அடங்காத நாளில் அதன் சார்பில் வாழ்வை விரும்பியதாகச் சொல்லிக்கொண்டு இழுத்துச் செல்வதும் உரியதன்று.

சட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசின் உறுதிமொழிக்குப் பின் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாக வடிவெடுத்தது. பசியிலோ தாகத்திலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதை அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் முடித்துவைக்க 13ஆம் பிரிவு வழி செய்கிறது. எதை ஊட்டுவது என்பது இரண்டிலும் இல்லை. அதற்கான விடை இப்போது கடையில், உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. பூனை உணவுகளில் சேர்க்கப்படும் டாரின் பெரும்பாலும் வேதிமுறையில் செய்யப்படுவது. எந்த விலங்கிலிருந்தும் எடுக்கப்படுவதன்று. காம்பே வணிகருக்கு இது கிடைத்திருந்தால் மகாஜன் கூட்டத்தில் என்ன தீர்மானம் இயற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்காகப் பூனையை முழுச் சைவமாக்கிவிடலாம் என்று யாரும் புறப்பட வேண்டா. டாரினைத் தவிர முன்னுருவான வைட்டமின் ஏ, அராகிடோனிக் அமிலம் என அதன் தேவை நீள்கிறது.

குஜராத்தி படிக்கத் தெரிந்த ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஞ்சராபோள் கணக்கேடுகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், நன்கொடையாளர் பெயர்ப் பக்கத்தோடு நின்றுவிடாமல் செலவுப் பத்தியையும் பாருங்கள். புல், தானியம், பால், கூலி என்று வரும் வரிகளுக்கிடையே பூனைக்கென எழுதப்பட்ட செலவு ஏதேனும் தென்பட்டால், எவ்வளவு சிறிய தொகையாயினும், எனக்கு எழுதுங்கள்.